உள்ளே ஓர் ஆள்

வலது கையில் முழங்கைக்குக் கீழே அவருக்கு முடியே கிடையாது. இடது கையில் கரடி மாதிரி அடர்ந்திருக்கும். வலது கை மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு போல வழுவழுவென்று, நடுநடுவே பழைய சூட்டுத் தழும்புகளோடு இருக்கும். ஓடி வந்து நின்ற இன்ஜினுக்குள், அது ஆறும் வரை பொறுக்காமல் கையை விட்டு விட்டு, முடி பொசுங்கிப் பொசுங்கிக் கடைசியில் முளைப்பதையே நிறுத்திவிட்டது.

பெயர் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வயதில் மூத்தவர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாதான்.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் முன் கவுண்டரில் உட்கார்ந்து பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். வண்டியை வாங்கும்போது வணக்கமும், திருப்பிக் கொடுக்கும்போது மன்னிப்பும் சொல்வது என் வேலை. மன்னிப்புகளில் பாதி அவரால் வந்தது. வேலை முடிந்த வண்டிகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்புகிறவர் அவர். அவர் மூடச் சொல்லாமல் ஒரு பானெட்டையும் மூட முடியாது. வாடிக்கையாளர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே ஓடுவேன். அங்கே இவர் கண்ணை மூடிக்கொண்டு, அரிசி டின்னுக்குள் விழுந்த மோதிரத்தைத் துழாவுகிற மாதிரி, இன்ஜினுக்குள் கையை விட்டு நின்றுகொண்டிருப்பார்.

"இன்னாண்ணா, இன்னும் எவ்ளோ நேரம்? அந்த ஆளு என்னைக் கடிச்சுத் துப்பிடுவான் போல கீது."

"உள்ள ஆள் கீறானான்னு பாத்துட்டு வரேம்மா."

முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் தெரிந்தது, ஆள் என்று அவர் சொல்வது மறந்து விட்ட பானாக்களையும் ஸ்க்ரூ டிரைவர்களையும். ஸ்பேனருக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பானா என்றுதான் பேர்.

வெளியே இருப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். மெக்கானிக் ஒருவர் ஒரு போல்ட்டைக் கழற்றுவார், பானாவை பேட்டரி மேல் வைப்பார். போன் வரும், அல்லது டீ வரும். திரும்பி வரும்போது இன்னொரு பானாவை எடுத்து வேலையை முடித்து மூடிவிடுவார். முதல் பானா உள்ளேயே சவாரி போகும். அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, பாக்கியம் இருந்தால் ஒரு மூலையில் சிக்கிக் கிடக்கும். இல்லாவிட்டால் ஓடுகிற பெல்ட்டில் போய் விழும். துடைக்கிற பனியன் துணி சூடான குழாயில் பட்டால் நெருப்பு. வேறு வேறு ஒர்க்‌ஷாப்புகளில் பார்த்துவிட்டு எங்களிடம் வந்த வண்டிகளிலிருந்து அவர் வெளியே எடுத்தவை ஜன்னல் ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன: டார்ச், பானாக்கள், ஒரு மூக்குக் கண்ணாடி, பாதி கடித்த பன் ஒன்று, கல் மாதிரி இறுகிப்போய். அந்தக் கருவிகளை யாரும் எடுத்துப் புழங்கக் கூடாது. "வேற ஒருத்தன் ஆளு, வீடு போய்ச் சேரணும்" என்பார்.

சொன்னால் சிரிப்பீர்கள், சிலவற்றை நிஜமாகவே வீடு சேர்த்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி, அந்த வண்டியை முன்பு பார்த்த மெக்கானிக்கைத் தேடிப் போனார். அந்த மனுஷன் இவர் ஏதோ மிரட்டிக் காசு பிடுங்க வந்திருப்பதாக நினைத்து, முதலில் டீ வாங்கிக் கொடுத்து, பிறகு கெட்ட வார்த்தையில் திட்டி அனுப்பியிருக்கிறான். திங்கட்கிழமை வந்து என்னிடம் சொல்லும்போது, "டீ நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

அவர் கோலார் தங்கவயல்காரர். விடியற்காலை ரயிலில் வருவார், சாயங்கால ரயிலில் போவார். அங்கிருந்து பெங்களூருக்குத் தினமும் வந்து போகிறவர்களுக்கு அந்த ரயில் இன்னொரு வீடு. சீட்டுப் போடுவது, கறிவேப்பிலை ஆய்வது, கல்யாணம் பேசி முடிப்பது எல்லாம் அதில் நடக்கும். ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஒருவனுடைய வேலையை இன்னொருவன் முடித்துக் கொடுப்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒர்க்‌ஷாப் சுவரில் அவர் செய்து மாட்டிய ஒரு பலகை இருந்தது. அதில் ஆணிகள் இரண்டு வரிசை. தட்டிச் சப்பையாக்கிய சோடா மூடிகள்தான் டோக்கன். ஒரு கருவியை இன்ஜினிடம் கொண்டுபோகும்போது மெக்கானிக் ஒரு மூடியைக் கீழ் வரிசையில் மாட்ட வேண்டும். அது திரும்பப் பெட்டிக்கு வந்ததும் மேல் வரிசைக்கு மாற்ற வேண்டும். கீழ் வரிசையில் ஒரு மூடி தொங்கினாலும் பானெட்டை மூடக் கூடாது. மேனேஜருக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், மேலதிகாரிகள் வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ஆனால் மூடியெல்லாம் மேலே வந்த பிறகும் இவர் கையை விட்டுத் துழாவுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஏன்ரீ, எல்லா மேலே இதெயல்லா! கஸ்டமர் காய்தா இதாரே" என்று கத்துவார். எல்லாம் மேலேதானே இருக்கிறது, கஸ்டமர் காத்திருக்கிறாரே என்று. இவர் கண்ணைத் திறக்கவே மாட்டார்.

மேல் வரிசையின் ஓரத்தில் ஒரு மூடி மட்டும் பித்தளை. வட்டமாக, தேய்ந்துபோய், நடுவில் ஏதோ எண். அது ஒருநாளும் இடம் மாறியதில்லை. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்காமல் அது என்ன என்று கேட்டேன்.

"எங்கப்பா பில்லைம்மா" என்றார். ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டுத்தான் மீதியைச் சொன்னார்.

"அப்பா சுரங்கத்துல வேலை. கீழ போறப்போ பில்லையை எட்த்துகினு போவணும். மேல வந்தா பலகையில மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆள் கீழ கீறான்னு அர்த்தம். அன்னிக்கு ஷிப்டு முடிஞ்சு எல்லாம் கூண்டு ஏறி மேல வர நேரம். அப்பா பானாவை உள்ள விட்டுட்டு வந்துட்டாரு. கூட்டாளி கையில பில்லையைக் குடுத்து, 'என்னுதையும் மாட்டிடுடா, எட்த்துகினு அடுத்த கூண்டுல வந்துடறேன்'னு திரும்பிப் போனாரு. கூட்டாளி நல்லவன். மாட்டிட்டான்."

கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே திருப்பிப் போட்டேன்.

"ராத்திரி ஆவுது, ஆள் வர்ல. அம்மா போய்க் கேட்டுச்சு. பலகையைக் காட்டுனாங்க. 'நெறஞ்சு கீது பாரும்மா, ஒருத்தரும் கீழ இல்ல. சாராயக் கடையில போய்ப் பாரு'ன்னாங்க. அம்மா என்னை இடுப்புல தூக்கிக்கினு ஊர்ல கீற கடையெல்லாம் பாத்துச்சு. மறுநாள் எறங்கனவங்கதான் பாத்தாங்க. கால்ல கல்லு விழுந்து, உக்காந்த மாதிரி இருந்தாராம்."

"அப்போ... உயிரு?"

"அப்பத்தான் போயிருக்கு. ஒடம்பு சூடு ஆறலயாம்."

இதை அவர், இன்றைக்கு ரயில் லேட் என்பது போலத்தான் சொன்னார். டப்பாவைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கொதிக்கிற இன்ஜின் ஆறும் வரை அவரால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. புரியாமலேயே இருந்திருக்கலாம். அதன் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விடும்போதெல்லாம் அவசரப்படுத்தாமல் கவுண்டருக்குத் திரும்பிவிடுவேன்.

அவருடைய ரயில் சிநேகிதன் செல்வராஜ், எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே மெக்கானிக். ஒரே ஊர், ஒரே பெட்டி, ஒரே டப்பாவில் சாப்பாடு. தன் பானாக்களின் பிடியில் அரத்தால் ராவிச் சின்னதாக ஒரு சிலுவை போட்டு வைத்திருப்பான். ஒரு மழை நாள் சாயங்காலம் செல்வராஜ் ஒரு வெள்ளை வண்டியை முடித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அவன் கைகால் ஓடாமல் நின்றான்.

"நீ ஓடு. இந்த ரயிலை உட்டுடாத. நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். செல்வராஜ் கருவிகளை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "மூடியை மாட்டிடுண்ணா!" என்று கத்திக்கொண்டே மழையில் ஓடினான். இவர் செல்வராஜின் மூடிகளைக் கீழ் வரிசையிலிருந்து எடுத்து மேல் வரிசையில் மாட்டினார். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. இன்ஜினுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பானெட்டை மூடினார்.

அந்த வண்டிக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊட்டிப் பக்கம் குடிபோகிறவர்கள். புருஷன், பெண்டாட்டி, பின் சீட்டில் வயதான ஓர் அம்மா. வீட்டில் விட மனசு வராமல் துளசிச் செடியைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு என் கவுண்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. போகும்போது, "பர்த்தீனம்மா" என்றார் என்னிடம். வருகிறேனம்மா என்று.

மறுநாள் செல்வராஜ் பெண் குழந்தை பிறந்ததற்கு எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு வந்தான். அதே சந்தோஷத்தில் பெட்டியைத் திறந்தவன், "அண்ணா, என் பத்தாம் நம்பர் பானாவைப் பாத்தியா?" என்றான்.

இவர் கையில் பாதி மைசூர்பாகு இருந்தது. திரும்பிப் பலகையைப் பார்த்தார். எல்லா மூடியும் மேல் வரிசையில் இருந்தன. மாட்டிய கை அவருடையது. அவர் முகம் போன போக்கை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

ஒர்க்‌ஷாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினோம். கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் எண்ணுக்குப் போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொடுத்திருந்த விலாசம் காலி செய்துவிட்டுப் போன வீடு. மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏனூ ஆகல்ல, பிட்றீ" என்றார். ஒன்றும் ஆகாது, விடுங்கள் என்று. அவருக்கு ஒர்க்‌ஷாப் பெயர் கெடக் கூடாது என்ற கவலை. நான் விடவில்லை. தினமும் போட்டேன். சில வாரங்களில் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று குரல் வர ஆரம்பித்தது. அண்ணா காலையில் ரயிலிலிருந்து நேரே என் கவுண்டருக்கு வந்து நிற்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். உள்ளே போய்விடுவார்.

பிறகு லீவு போட்டுவிட்டு ஊட்டி மலைக்குப் போனார். பஸ்ஸில் பாதி, நடந்து பாதி.

"வளைவுக்கு வளைவு நின்னு கீழ எட்டிப் பாத்தேம்மா. ஒண்ணும் இல்ல" என்றார் வந்து.

"அதான் இல்லியேண்ணா. நல்லா போய்ச் சேந்திருப்பாங்க. விடுங்க."

"ஒரே மரமா கீதும்மா. மரத்துக்கு அடியில இன்னா கீதுன்னு மேலேருந்து எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகுதான் அவர் சாலையில் நிற்கிற வெள்ளை வண்டிகளைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். ரயில் நிலைய வாசலில், கடை ஓரங்களில், "சார், ஒரு நிமிசம் பானெட்டைத் தெறங்க சார்" என்று கெஞ்சுவார். சிலர் திறப்பார்கள். பலர் பைத்தியம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். ஒருநாள் ஆஸ்டின் டவுன் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் கூடியிருந்தது. எட்டிப் பார்த்தால் அவர். ஒரு வண்டிக்காரன் அவர் சட்டையைப் பிடித்திருந்தான். நான் போவதற்குள் அறைந்தும்விட்டான். அவர் அறை வாங்கிக்கொண்டே, அந்த வண்டியின் முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனைக் கடையிலேயே போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு பக்கத்து நீலசந்திராவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஏண்ணா, அந்த வண்டி நம்பர் உங்களுக்கே தெரியும். இது வேற நம்பர். அப்புறம் எதுக்கு அவன்கிட்ட போய் அடி வாங்குறீங்க?"

"நம்பர் பலகைதானேம்மா" என்றார். "பலகையை நம்பச் சொல்றியா நீ?"

அவர் தன் வலது கையை, அது யாருடையதோ என்பது போல, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலகை பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும். இந்தக் கை சொல்லாதுன்னு இருந்தேன். அன்னிக்கு உட்டுப் பாத்தேம்மா. ஒண்ணும் இல்லன்னுச்சு. கையும் பொய் சொல்லிடுச்சு."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. அரண்டது கண்ணானால் மூடிக்கொள்ளலாம். கையை என்ன செய்வது?

வேலையில் அண்ணாவால் நிற்க முடியவில்லை. ஒரு வண்டியைத் துழாவிவிட்டுப் பானெட்டை மூடுவார், திறப்பார், மறுபடியும் துழாவுவார். வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கடைசியில் அவர் மனைவியே வந்து, யாரையும் குறை சொல்லாமல், அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது பித்தளைப் பில்லையைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார் அந்த அம்மாள். அதன் பிறகு பலகையை யாரும் புழங்கவில்லை. செல்வராஜும் கொஞ்ச நாளில் வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

வருஷங்கள் ஓடின. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் கட்டடம் வரப்போவதாகச் சொல்லி எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். கடைசி நாள், வண்டி கழுவுகிற இடத்தில் சாக்கடை மேல் போட்டிருந்த இரும்புக் கம்பித் தட்டைப் பெயர்த்தார்கள். கறுத்த சேற்றோடு மண்வெட்டியில் ஏதோ டங்கென்றது. வேலை செய்தவர் கழுவி என்னிடம் நீட்டினார். பத்தாம் நம்பர் பானா. துருவுக்கு அடியில் கட்டை விரலில் சிலுவை நெருடியது.

அந்த மழையில் செல்வராஜ் ஓடியபோது அவன் பெட்டியிலிருந்து விழுந்திருக்கிறது. வண்டிக்குள் அது போகவே இல்லை. அந்த அம்மா துளசித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்திரமாகத்தான் மலை ஏறியிருக்கிறார். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். செல்வராஜுக்குப் போன் செய்தேன். பானா கிடைத்த இடத்தைக் கேட்டுக்கொண்டான். பிறகு, "நீங்களே போய்க் குடுத்துடுங்க மேடம். அண்ணன் மூஞ்சியில முழிக்க என்னால ஆவாது" என்றான்.

மறுநாளே ரயில் ஏறினேன். காலையில் அவர் தங்கவயலிலிருந்து வருகிற திசைக்கு நேர் எதிர். காலியான பெட்டியில், பானாவைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

வீடு சாலையை ஒட்டி இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரிந்தது. "வாம்மா, சாப்டியா?" என்றார். நான் முதலில் பார்த்தது அவர் வலது கையைத்தான். அதில் முடி முளைத்திருந்தது. நரைத்த முடி.

பானாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கட்டை விரல் பிடியில் ஊர்ந்து போய்ச் சிலுவையில் நின்றது.

"செல்வராஜுது."

"சாக்கடையில இருந்துச்சுண்ணா. அன்னிக்கு ஓடறப்போ விழுந்துட்டுது. வண்டிக்குள்ள போவவே இல்ல. உங்க கை பொய் சொல்லலண்ணா. ஒண்ணும் இல்லன்னு சொல்லுச்சில்ல, அது நெசம்."

அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. உள்ளே நிலைப்படியில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் பானாவை வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேல வந்துட்டுது" என்றார்.

"வந்துடுச்சுண்ணா."

"அப்போ அந்த வண்டிக்குள்ள கீறது யாரும்மா?"

அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எதிர்க் கடை வாசலில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். இவர் பானாவை என் மடியில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார்.

"இரும்மா, தோ வரேன்" என்றார். "சூடு ஆறதுக்குள்ள பாத்துடணும்."